ஏற்காடு ஏரி ஏன் உறைவதில்லை?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ரெண்டு ஏரிகளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கப் போறோம். ஒண்ணு நம்ம ஏற்காடு ஏரி. சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா வர்ற ஏரி. இன்னொண்ணு ஸ்ரீநகர்ல இருக்கிற தால் ஏரி.

ஏற்காடு கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்துல இருக்கு. தால் ஏரி சுமார் 1,580 மீட்டர். அதாவது கிட்டத்தட்ட ஒரே உயரம். ரெண்டுலயும் படகு ஓடுது. ரெண்டுக்கும் தேனிலவுக்குப் போறாங்க. ஆனா டிசம்பர் கடைசியில தால் ஏரியோட ஓரங்கள் உறைய ஆரம்பிக்கும். 2021 ஜனவரி 14 அன்னைக்கு ஸ்ரீநகர்ல மைனஸ் 8.4 டிகிரி. முப்பது வருஷத்துல இல்லாத குளிர். ஏரி மேல ஐஸ் படிஞ்சு, அது மேல நடக்காதீங்கன்னு மக்களுக்கு எச்சரிக்கை கொடுக்க வேண்டி வந்துச்சு. அதே மாசத்துல ஏற்காட்டுல என்ன நடக்கும்? ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவோம். ஏரி அது பாட்டுக்குத் தண்ணியா கிடக்கும்.

ஒரே உயரம்னா ஏன் இந்த வித்தியாசம்? "இது என்ன கேள்வி, காஷ்மீர் குளிர், தமிழ்நாடு சூடு" அப்படின்னு ஒரு வரியில முடிச்சுடலாம். ஆனா ஒரு ஏரியோட தண்ணி எத்தனை டிகிரி இருக்கும், எப்போ உறையும், எவ்வளவு தடிமனா உறையும்னு கணக்குப் போட்டுச் சொல்ற ஒரு துறையே இருக்கு. அந்தக் கணக்கைக் கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டா, உறையவே உறையாத ஏற்காடு ஏரியைப் பத்தியும் சில முக்கியமான விஷயங்கள் தெரிய வரும். அதுக்காகத்தான் இந்த எபிசோட்.

வரவும் செலவும்

ஏரியோட வெப்பம் ஒரு வீட்டுக் கணக்கு மாதிரி. வரவு எங்கிருந்து வருது? முதல்ல சூரியன். அப்புறம் வானம். ஆமா, வானமும் கீழ்நோக்கி வெப்பக் கதிரை அனுப்பிக்கிட்டேதான் இருக்கு. மேகம் இருந்தா அதிகமா அனுப்பும். அதனாலதான் மேகமூட்டமான ராத்திரி கதகதப்பா இருக்கு, தெளிஞ்ச ராத்திரி நடுக்குது.

செலவு மூணு வழியில போகுது. ஒண்ணு, ஏரி தானே வானத்தை நோக்கி வெளிவிடற கதிர். ரெண்டு, காத்து தண்ணியை விடக் குளிரா இருந்தா நேரடியா அதுக்குப் போற வெப்பம். மூணு, ஆவியாதல். இந்த மூணாவதைச் சாதாரணமா நினைக்காதீங்க. ஒரு சதுர மீட்டர் பரப்புல ஒரே ஒரு மில்லிமீட்டர் தண்ணி ஆவியானா சுமார் 24.5 லட்சம் ஜூல் வெப்பம் போயிடும். மூணு மீட்டர் ஆழமான ஏரின்னு வெச்சுக்கிட்டா, அஞ்சு மில்லிமீட்டர் ஆவியானாலே மொத்தத் தண்ணியும் ஏறக்குறைய ஒரு டிகிரி குளிரும். மண்பானைத் தண்ணி ஜில்லுன்னு இருக்கே, அதே வேலைதான்.

இப்போ ரெண்டு ஏரியோட வரவையும் பாருங்க. டிசம்பர் 21, வருஷத்துலயே குட்டையான பகல். அன்னைக்கு ஏற்காட்டுல உச்சிவேளையில சூரியன் அடிவானத்துக்கு மேல கிட்டத்தட்ட 55 டிகிரி உயரத்துல நிக்கும். பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்ரீநகர்ல சூரியன் 32, 33 டிகிரிக்கு மேல ஏறாது. பகலும் பத்து மணி நேரத்துக்குக் குறைவு. சூரியன் சாய்ஞ்சு அடிக்கும்போது அதே வெளிச்சம் அதிகப் பரப்புல பரவுறதால, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கிடைக்கிற பங்கு குறைஞ்சுபோகும்.

ராத்திரிச் செலவுலயும் வித்தியாசம் இருக்கு. வடகிழக்குப் பருவமழையோட மேகமும் மூடுபனியும் சேர்வராயன் மலை மேல டிசம்பர்லயும் வந்து போகும். அது ஒரு போர்வை. காஷ்மீர்ல சில்லை கலான்னு ஒரு காலம் இருக்கு. டிசம்பர் 21ல தொடங்கி நாற்பது நாள், அங்க இருக்கிறதிலேயே கடுமையான குளிர். அதுலயும் மேகமே இல்லாத ராத்திரிகள்லதான் வெப்பநிலை பாதாளத்துக்குப் போகுது.

ஆக, உயரம் ஒண்ணா இருந்தாலும் வரவு வேற, செலவு வேற. அட்சரேகை ஜெயிச்சுடுது.

ஊட்டியில புல் வெளுக்குது, ஏரி வெளுக்கல

"சரி, ஊட்டியில உறைபனி விழுதே?" அப்படின்னு கேட்பீங்க. நல்ல கேள்வி. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர், ஜனவரியில தலைகுந்தா பக்கம் புல்வெளி வெள்ளைக் கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கிற படம் எல்லாப் பத்திரிகையிலயும் வரும். கார் கண்ணாடி மேல ஐஸ் சுரண்டுற ரீல்ஸ் வரும். ஆனா ஊட்டி ஏரியில படகு வழக்கம்போல ஓடும்.

காரணம் ஆழம். புல் நுனி ரொம்பச் சன்னம். அதுல சேமிச்சு வெச்ச வெப்பம்னு பெருசா எதுவும் கிடையாது. ராத்திரி வானத்தைப் பார்த்துக் கதிர் வீசினா சில மணி நேரத்துலயே பூஜ்ஜியத்துக்குக் கீழ போயிடும். ஏரி அப்படி இல்ல. மேல்தண்ணி குளிர்ந்தா கனமாகி கீழ இறங்கும், கீழ இருக்கிற சூடான தண்ணி மேல வரும். அந்த ஒரு ராத்திரியில மேல்பரப்பு மட்டும் தனியா குளிர முடியாது. மொத்த ஏரியையும் இழுத்துக்கிட்டுதான் குளிரணும்.

ஒரு கணக்குப் போடுவோம். மூணு மீட்டர் ஆழம், தண்ணி 20 டிகிரி. அதை 4 டிகிரிக்குக் கொண்டுவரணும்னா ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 20 கோடி ஜூல் வெளியே போகணும். வரவெல்லாம் போக நிகர இழப்பு சதுர மீட்டருக்கு 100 வாட்னு வெச்சுக்கோங்க, அதுவும் ராத்திரி பகல் விடாம. அப்பவும் 23 நாள் ஆகும். ஊட்டியில அப்படி 23 நாள் எங்க கிடைக்குது? விடிஞ்சா வெயில் வந்து, மத்தியானம் ஸ்வெட்டரைக் கழட்டி இடுப்புல கட்டிக்கிறோம்.

ஆழத்தைக் குறைச்சா என்ன ஆகும்னு நம்ம நாட்டுலயே ஒரு பழைய தொழில் காட்டியிருக்கு. 1775ல ராபர்ட் பார்க்கர் என்கிற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, அலகாபாத்துல ஐஸ் தயாரிக்கிற முறையைப் பத்தி லண்டன் ராயல் சொசைட்டியோட இதழ்ல எழுதினார். திறந்தவெளியில ஆழமில்லாத குழி வெட்டி, அதுல காய்ஞ்ச கரும்புத் தட்டை, சோளத்தட்டை பரப்பி, அது மேல மெருகு பூசாத சின்னச் சின்ன மண்சட்டிகளை வரிசையா வைப்பாங்க. சட்டியோட ஆழம் ஒண்ணேகால் அங்குலம்தான். சாயங்காலம் தண்ணி ஊத்திட்டுப் போனா, காத்து அசையாத தெளிஞ்ச குளிர்கால ராத்திரிகள்ல விடியறதுக்குள்ள ஐஸ் கட்டியிருக்கும். குளங்கள்ல ஐஸே பார்க்காத ஊர்ல! தட்டை தரையில இருந்து வர்ற வெப்பத்தைத் தடுக்குது, மண்சட்டி கசிஞ்சு ஆவியாகுது, மேல வானம் திறந்திருக்கு. ஒண்ணேகால் அங்குல ஏரிக்கு ஒரு ராத்திரி போதும்.

நாலு டிகிரி என்கிற திருப்பம்

இங்க தண்ணியோட ஒரு விசித்திரமான குணத்தைச் சொல்லியாகணும். பொதுவா எதுவும் குளிரக் குளிரச் சுருங்கும், கனமாகும். தண்ணியும் அப்படித்தான், சுமார் 4 டிகிரி வரைக்கும். அதுக்குக் கீழ போனா திரும்ப லேசாக ஆரம்பிக்கும். பூஜ்ஜியத்துல ஐஸ் ஆனதும் இன்னும் லேசு. ஒரு கன மீட்டர் ஐஸ் சுமார் 917 கிலோதான். அதனால மிதக்குது.

தால் ஏரி 4 டிகிரிக்கு வர்ற வரைக்கும் மேலயும் கீழயும் கலந்துகிட்டே இருக்கும். வந்துட்டா அந்தக் கலக்கம் நின்னுடும். இதுக்கு அப்புறம் மேல்தண்ணி குளிர்ந்தா அது கீழ இறங்காது, மேலயே மிதக்கும். இப்போ மொத்த ஏரியையும் குளிர வைக்க வேண்டியதில்ல, மேல இருக்கிற மெல்லிய அடுக்கு மட்டும் குளிர்ந்தா போதும். காத்து இல்லாத ஒரு தெளிஞ்ச ராத்திரி கிடைச்சா ஐஸ் தகடு படிஞ்சிடும். தால் ஏரியோட சராசரி ஆழமே ஒன்றரை மீட்டர் அளவுதான்கிறதும் அதுக்கு உதவுது. ஐஸுக்குக் கீழ இருக்கிற தண்ணியில மீன் உயிரோட இருக்கும். தண்ணிக்கு இந்தக் குணம் இல்லாம இருந்திருந்தா குளிர்நாட்டு ஏரிகள் அடியில இருந்து உறைஞ்சு வந்திருக்கும்.

எக்ஸெல்ல ஒரு ஏரி

இப்போ மாடல்னு சொல்றாங்களே, அது என்ன? பயப்பட வேண்டாம், எளிமையான ஒண்ணை நீங்களே ஒரு எக்ஸெல் தாள்ல செய்யலாம்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு "சமநிலை வெப்பநிலை" இருக்கு. அன்னைக்கு இருக்கிற வெயில், காத்து, ஈரப்பதம் எல்லாம் அப்படியே மாறாம நீடிச்சா தண்ணி கடைசியில எந்த டிகிரியில போய் நிக்குமோ, அது. ஏரி தினமும் அந்த எண்ணை நோக்கிக் கொஞ்சம் நகரும். எவ்வளவு நகரும்கிறது ஆழத்தைப் பொறுத்தது. மூணு மீட்டர் ஏரின்னா, இடைவெளியில தோராயமா அஞ்சுல ஒரு பங்கு. பத்து மீட்டர்னா பதினாறுல ஒரு பங்கு. ஆக, விதி இதுதான்: நாளைய தண்ணி என்பது இன்றைய தண்ணியோட, சமநிலைக்கும் அதுக்கும் இருக்கிற இடைவெளியில அஞ்சுல ஒரு பங்கைச் சேர்த்தது.

ஏற்காட்டுக்குப் போட்டுப் பாருங்க. தண்ணி 20 டிகிரி. ஒரு குளிர் அலை வந்து சமநிலை 14க்கு இறங்குதுன்னு வெச்சுப்போம். முதல் நாள் 18.8. ரெண்டாம் நாள் 17.8. மூணாம் நாள் 17.1. நாலாம் நாள் வெயில் வந்துட்டா திரும்ப ஏற ஆரம்பிச்சிடும். விட்டாலும் 14க்குக் கீழ போகாது. ஏரி உறையணும்னா சமநிலையே பூஜ்ஜியத்துக்குக் கீழ இறங்கி, நாள்கணக்குல அங்கயே உக்காந்திருக்கணும். நம்ம அட்சரேகையில, இந்த உயரத்துல, அது நடக்கிற காரியம் இல்ல.

விஞ்ஞானிகள் பயன்படுத்துற மாடல்கள் இதைவிட நுணுக்கமானவை, ஆனா அடிப்படை இதுதான். ஜெர்மன் வானிலைத் துறையில திமித்ரி மிரோனோவ் உருவாக்கின 'ஃப்ளேக்' அப்படிங்கிற மாடல் ஏரியை ரெண்டு அடுக்கா பிரிக்குது. மேல நல்லாக் கலந்த ஓர் அடுக்கு, கீழ வெப்பநிலை படிப்படியா மாறுற ஓர் அடுக்கு. குளிர்காலத்துக்கு அதுக்கு மேல ஐஸ், ஐஸ் மேல வெண்பனி. ஏரியோட ஆழம், தண்ணியோட கலங்கல் மாதிரி சில விவரங்களும் வானிலைத் தரவும் கொடுத்தா போதும். வேகமா ஓடும். அதனாலதான் ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்பு மையம் 2015ல இதைத் தன்னோட உலகளாவிய முன்னறிவிப்புக்குள்ளேயே சேர்த்துக்கிச்சு. இத்தாலியில இருந்து வந்த 'ஏர் டு வாட்டர்' இன்னும் சிக்கனம். காத்தோட வெப்பநிலையை மட்டும் வாங்கிக்கிட்டு ஏரியோட மேல்பரப்பு வெப்பநிலையைச் சொல்லும். ஆனா ஒரு நிபந்தனை. அந்த ஏரியில ஏற்கெனவே அளந்த எண்கள் சில வருஷத்துக்காவது வேணும். அதை வெச்சுத்தான் மாடலைச் சரிபண்ண முடியும். இந்த நிபந்தனையை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வர்றேன்.

சென்னைக்கு வந்த ஏரி ஐஸ்

ஐஸ் எவ்வளவு தடிமனா வளரும்? இதுக்கு வியன்னாவைச் சேர்ந்த இயற்பியலாளர் யோசஃப் ஸ்டெஃபான் 1891லயே வழி சொல்லிட்டார். ஐஸ் வளர்றது அதோட அடிப்பக்கத்துல. அங்க தண்ணி உறையும்போது வெளிவர்ற வெப்பம், ஐஸ் வழியா மேல வந்துதான் வெளியேறணும். ஐஸ் தடிக்கத் தடிக்க அதுவே கம்பளி ஆயிடுது, வெப்பம் மெதுவாத்தான் தப்பிக்குது. அதனால ரெண்டு மடங்கு தடிமன் வேணும்னா நாலு மடங்கு குளிர் வேணும்.

எண்ணுல சொல்றேன். தினசரி சராசரி மைனஸ் 4 டிகிரி, அப்படி 25 நாள். பெருக்கினா 100. இந்தக் கணக்குப்படி ஐஸ் 35 சென்டிமீட்டர் வளரலாம். 70 சென்டிமீட்டர் ஆகணும்னா அதே குளிர் 100 நாள் நீடிக்கணும். நடைமுறையில இவ்வளவு வராது. ஐஸ் மேல வெண்பனி விழுந்தா அது இன்னொரு போர்வை, வளர்ச்சி பாதியாக் கூடக் குறையும்.

இந்தக் கணக்கு எழுதப்படறதுக்கு ரொம்ப முன்னாடியே, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் ஏரிகள் ஒவ்வொரு குளிர்காலத்துலயும் எவ்வளவு தடிமனா உறையுதுங்கிறதுல நம்ம சென்னைக்கு ஒரு பங்கு இருந்துச்சு. சென்னையில இருக்கிறவங்க ஐஸ் ஹவுஸ் பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போயிருப்பீங்க. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரடெரிக் டியூடர் என்கிற வியாபாரி, அங்க உறைஞ்ச ஏரிகளைக் குதிரை பூட்டின கத்தியால கட்டம் கட்டமா அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சு கப்பல்ல ஏத்தினார். 1833ல முதல் சரக்கு கல்கத்தா வந்துச்சு. நாலு மாசப் பயணம். ஏத்தினது 180 டன், வந்து சேர்ந்தது சுமார் 100 டன். 1842ல சென்னைக் கடற்கரையில கிடங்கு கட்டினாங்க. அந்தக் கட்டடத்துலதான் 1897ல விவேகானந்தர் தங்கினார். இன்னைக்கு அது விவேகானந்தர் இல்லம். இயந்திரத்துல ஐஸ் செய்ய ஆரம்பிச்சதும் வியாபாரம் படுத்துடுச்சு. ஆனா ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. பாஸ்டன்ல ஒரு குளிர்காலம் மிதமா இருந்தா, சென்னையில ஒரு காய்ச்சல்காரருக்கு ஐஸ் கிடைக்கிறது சிரமம். ஏரி ஐஸ் நமக்குச் சம்பந்தமே இல்லாத விஷயமா எப்பவும் இருந்ததில்ல.

580 வருஷக் குறிப்பேடு

ஜப்பான்ல நாகானோ மாகாணத்துல சுவான்னு ஓர் ஏரி இருக்கு. அது முழுசா உறைஞ்சதும், ராத்திரி பகல் வெப்ப மாற்றத்துல ஐஸ் விரிஞ்சு சுருங்கி வெடிச்சு, ஏரிக்குக் குறுக்கே ஒரு மேடு எழும்பும். ஒரு கரையில இருக்கிற கடவுள், எதிர்க்கரையில இருக்கிற தேவியைப் பார்க்க ஐஸ் மேல நடந்துபோன தடம் அதுன்னு அந்த ஊர் நம்பிக்கை. கோயில் பூசாரிகள் அது எந்தத் தேதியில நடந்ததுன்னு 1443ல இருந்து எழுதிட்டு வர்றாங்க. தகப்பனுக்கு அப்புறம் மகன், அவருக்கு அப்புறம் அவர் மகன்னு தலைமுறை தலைமுறையா.

கனடாவுல யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சப்னா சர்மாவும் அவரோட சக ஆய்வாளர்களும் 2016ல அந்தக் குறிப்புகளை ஆராய்ஞ்சாங்க. முதல் 250 வருஷத்துல ஏரி உறையாமப் போனது மூணே தடவை. 2005ல இருந்து 2014 வரைக்கும், பத்தே வருஷத்துல, அஞ்சு தடவை.

2019ல அவங்க குழு உலகம் முழுக்கப் பார்த்துச்சு. குளிர்காலத்துல சில வருஷம் உறைஞ்சும் சில வருஷம் உறையாமலும் இருக்கிற ஏரிகள் இப்போ சுமார் 14,800. பூமி 2 டிகிரி சூடானா அது 35,300 ஆகும்னு கணிச்சாங்க. இதுக்கு அடுத்த வருஷம் வந்த ஆய்வுதான் மனசை உலுக்கிச்சு. பத்து நாடுகள்ல குளிர்காலத்துல நீர்நிலைகள்ல மூழ்கி இறந்த 4,000க்கும் மேற்பட்ட சம்பவங்களை எடுத்துப் பார்த்தாங்க. குளிர்காலம் மிதமாக ஆக, சாவு கூடுது. ஐஸே இல்லைன்னா யாரும் ஏரி மேல நடக்கப் போறதில்ல. நல்ல தடிமனா இருந்தா ஆபத்து குறைவு. ரெண்டுக்கும் நடுவுல, பார்க்க வழக்கம்போல வெள்ளையா, உள்ள மெலிஞ்சுபோய் இருக்கிற ஐஸ்தான் ஆளை வாங்குது. ஒருத்தர் நடக்கத் தெளிவான ஐஸ் குறைஞ்சது 10 சென்டிமீட்டராவது இருக்கணும்னு பொதுவா சொல்லுவாங்க. அப்பாவும் தாத்தாவும் ஜனவரியில நடந்த ஏரிதானேன்னு இறங்குற பசங்களுக்கு, அந்த அனுபவம் இனிமே உதவாது. தால் ஏரியில அந்தக் காலத்துல ஜீப் ஓட்டினாங்கன்னு காஷ்மீர்ல பெரியவங்க சொல்லுவாங்க. அதை நம்பி இன்னைக்குக் கால் வைக்க முடியாது. இங்கதான் மாடல் உயிர் காக்கிற வேலை செய்யுது.

சரி, ஏற்காட்டுக்கு என்ன?

உறையாத ஏரிக்கு இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு? அங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஓர் எண் இருக்கு.

தண்ணி 4 டிகிரியில இருந்து 5க்குப் போனா, அதோட அடர்த்தி மாறுறது மிகமிகக் கொஞ்சம். ஒரு கன மீட்டருக்கு 8 கிராம். அதே தண்ணி 24ல இருந்து 25க்குப் போனா? சுமார் 250 கிராம். முப்பது மடங்கு! இதுக்கு என்ன அர்த்தம்? சூடான ஏரியில மேல்தண்ணிக்கும் அடித்தண்ணிக்கும் ஒரே ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தாலே, ரெண்டும் எண்ணெயும் தண்ணியும் மாதிரி பிரிஞ்சு நிக்கப் பார்க்கும். காத்து பலமா அடிச்சாத்தான் கலக்கும்.

கலக்கலைன்னா என்ன? ஆக்சிஜன் மேல இருந்துதான் கரையுது. அடியில இருக்கிற சேறும் இலைதழையும் அதை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். மேல கீழ கலக்காத நாட்கள்ல அடித்தண்ணி மூச்சில்லாம ஆயிடும். போதாததுக்கு, சூடான தண்ணி குறைவான ஆக்சிஜனைத்தான் பிடிச்சு வெச்சுக்கும். கடல் மட்டத்துல 20 டிகிரி தண்ணி லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் பிடிக்கும், 30 டிகிரின்னா ஏழரை. மலை மேல காத்தழுத்தம் குறைவுங்கிறதால அதுலயும் ஒரு பங்கு கழியும். இதோட கழிவுநீர் சேர்ந்தா பாசி பெருகும். பாசி பகல்ல ஆக்சிஜன் தரும், ராத்திரி அதுவே திரும்ப எடுத்துக்கும். விடியற்காலையிலதான் ஏரிக்கு மூச்சு ரொம்ப இறைக்கும்.

2016 மார்ச்ல பெங்களூரு அல்சூர் ஏரியில ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே நாள்ல செத்து மிதந்தது உங்கள்ல பலருக்கு ஞாபகம் இருக்கும். கழிவுநீர், கோடை வெயில், ஆக்சிஜன் பற்றாக்குறை. மூக்கைப் பொத்திக்கிட்டு படம் எடுத்தோம், மறந்துட்டோம்.

ஏற்காட்டுல குளிர்காலம் செய்யற வேலை இப்போ புரியும். டிசம்பர், ஜனவரி ராத்திரி 12, 13 டிகிரி பக்கம் இறங்கும்போது மேல்தண்ணி குளிர்ந்து கனமாகி அடிக்கு இறங்குது. மொத்த ஏரியும் புரண்டு படுக்குது. அடித்தண்ணிக்கு மூச்சு கிடைக்குது. நாம சால்வை போத்திக்கிட்டு ரசிக்கிற அந்தக் குளிர்தான் ஏரியோட வருஷாந்திரச் சுத்திகரிப்பு. ஐஸ் இல்லாட்டியும் ஏரிக்குக் குளிர்காலம் உண்டு.

அந்தக் குளிர்காலம் சுருங்கினா? 1985ல இருந்து 2009 வரைக்கும் உலகத்துல 235 ஏரிகளோட கோடைக்கால மேல்பரப்பு வெப்பநிலையை ஆராய்ஞ்சாங்க. சராசரியா பத்து வருஷத்துக்கு 0.34 டிகிரி கூடியிருக்கு. கேட்க ரொம்பக் கொஞ்சம். ஆனா இப்போ சொன்ன முப்பது மடங்கு கணக்கை வெச்சுப் பாருங்க. குளிர்நாட்டு ஏரிக்கு இந்த மாற்றம் ஐஸ் இல்லாமப் போறதா கண்ணுக்குத் தெரியுது, பூசாரி எழுதி வெச்சுடறார், செய்தியாகுது. நம்ம ஊர் ஏரிக்கு அது, கலக்கம் குறையுற சில வாரங்களா, அடியில மூச்சு நின்ன தண்ணியா வருது. மேல படகு ஓடிக்கிட்டேதான் இருக்கும். கோடை விழா நடந்துகிட்டேதான் இருக்கும். அந்த ஏரியோட உபரித்தண்ணிதான் கிள்ளியூர் அருவிக்கும் போகுது. ஏரி கெட்டா அது ஏரியோட நிக்காது.

ஒரு வாளியும் ஒரு வெப்பமானியும்

மாடலுக்கு அளந்த எண் வேணும்னு சொன்னேன் இல்லையா? அதுக்கு வர்றேன்.

கொடைக்கானல் மலையில 1899ல சூரிய ஆய்வகம் தொடங்கினாங்க. நூறு வருஷத்துக்கும் மேல அங்க சூரியனைப் படம் எடுத்து வெச்சிருக்காங்க. உலகத்துல சூரியனைப் பத்தி ஆராய்ச்சி செய்றவங்க இன்னைக்கும் அந்தப் படங்களைத் தேடி வர்றாங்க. பதினஞ்சு கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒண்ணுக்கு நம்ம மலையில இருந்து தினசரிக் குறிப்பு எழுத முடிஞ்சிருக்கு. காலடியில இருக்கிற தண்ணிக்கும் முடியும்.

பெரிய செலவு ஒண்ணும் இல்ல. நீர்புகாத டிஜிட்டல் வெப்பமானி ஒண்ணு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு கயிறு. ஒரே இடம், ஒரே நேரம், ரெண்டு ஆழம்: மேல்பரப்பும் அடியும். சூரியன் உதிக்கிறதுக்கு முன்னாடின்னா இன்னும் நல்லது. ரெண்டுக்கும் வித்தியாசம் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல இருந்தா ஏரி கலந்திருக்கு. ரெண்டு, மூணு டிகிரி இருந்தா பிரிஞ்சு நிக்குது. கரையில இருக்கிற ஒரு பள்ளிக்கூடமோ, படகுத்துறையில வேலை செய்றவங்களோ வாரம் ஒரு தடவை எழுதினாலே அஞ்சு வருஷத்துல ஒரு மாடலைச் சரிபண்ணத் தேவையானது கையில இருக்கும். அப்புறம் எந்த வாரம் ஏரிக்கு மூச்சு முட்டும்னு முன்கூட்டியே சொல்லலாம். காற்றூட்டும் கருவியை எந்த ராத்திரி ஓட்டணும்னு தெரியும். கழிவுநீர் எந்த மாசம் உள்ள வந்தா ஏரி தாங்கவே தாங்காதுன்னு ஊராட்சிக்கு எண்ணோட போய்ச் சொல்லலாம். "ஏரி நாறுதுங்க"ன்னு சொல்றதுக்கும், "பிப்ரவரியில இருந்து அடித்தண்ணி கலக்கவே இல்ல, இதோ பதிவு"ன்னு சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு.

சென்னையிலயோ கோவையிலயோ இருக்கிறவங்க ஏற்காடு வரைக்கும் போகணும்னுகூட இல்ல. உங்க ஏரியாவுலயும் ஓர் ஏரி மிச்சம் இருந்தா அதுவே போதும். சுவா ஏரியோட முதல் பூசாரி, காலநிலை மாற்றத்தை அளக்கப் போறோம்னு நினைச்சு எழுதல. இன்னைக்கு ஏரி உறைஞ்சதுன்னு தேதி போட்டார், அவ்வளவுதான்.

நீங்க யாராவது ஏற்கெனவே இப்படி ஓர் ஏரியையோ குளத்தையோ அளந்துட்டு இருந்தா எங்களுக்கு எழுதுங்க, ஒரு எபிசோட்ல உங்க எண்களோட பேசுவோம். எக்ஸெல் ஏரியைச் செஞ்சு பார்த்தவங்களும் சொல்லுங்க. ஆழத்தை மூணுல இருந்து ஒண்ணாக் குறைச்சா என்ன ஆகுதுன்னு கண்டிப்பா பாருங்க. வண்டல் சேர்ந்து ஆழம் குறையுற ஏரிக்கு என்ன நடக்கும்னு அந்த ஒரு மாற்றமே காட்டிடும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.